ஏழாம் படையின் நாற்பது பேர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் பிறக்கும்படி ஏதாவது எழுதித் தரச் சொல்லி நமது செயலாளர் கடிதம் போட்டிருக்கிறார். ஊக்கம் வேண்டுமானால் சூடாக ஒரு காப்பி குடியுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வாலிபர் சங்கத்தில் சம்பளம் வாங்கிய எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த உத்தியோகத்தில் ஒரு மனிதன் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிறான் என்பதுதான். அதை எழுதுகிறேன். செயலாளருக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் செய்யப்போவது தொண்டு அல்ல, உத்தியோகம். தொண்டு செய்கிறவர்கள் வேறு. அவர்கள் மேடையில் உட்காருவார்கள், மாலை வாங்கிக்கொள்வார்கள், பதவிக்கு முன்னால் 'கௌரவ' என்று போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறவனும், மழை வந்தால் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனும் நீங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மேடையில் இருப்பவர் சொல்லும் பொய்யை எழுதிக் கொடுக்கிறவனும் நீங்களாக ஆகிவிடுவீர்கள். அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை.

நான் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில். அன்றைக்குத் தர்மபுரி தனி ஜில்லா இல்லை. சேலம் ஜில்லாவின் வடக்குக் கோடி. தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று நாலா பக்கமும் சுற்றி, ஊருக்கு ஊர் வாலிபர்களைச் சேர்த்துப் 'படை' அமைக்க வேண்டும். படைக்கு ஒரு தலைவன், ஒரு கொடி, ஒரு விசில். சனிக்கிழமை தோறும் அணிவகுப்பு, முதலுதவிப் பயிற்சி, நீச்சல். இதையெல்லாம் நடத்த எனக்கு ஒரு சைக்கிளும் காக்கி உடுப்பும் கொடுத்தார்கள். என் பதவிக்கு அமைப்பாளர் என்று பெயர்.

எனக்கு மேலே இரண்டு பேர். சங்கத் தலைவர் ஒரு மிட்டாதார், அதாவது குட்டி ஜமீன்தார். வருஷத்துக்கு ஒரு முறை கொடியேற்ற வருவார். எந்தக் கயிற்றை இழுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேட்பார். மற்றவர் ஒரு வக்கீல், எங்கள் கௌரவத் தளபதி. கோர்ட்டில் கட்சிக்காரர்கள் கொடுக்காத மரியாதையை எங்கள் பையன்களிடம் சல்யூட்டாக வாங்கிக்கொள்வார். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அவர் அணிவகுப்பைப் பார்வையிட வரும்போது பெல்ட் வயிற்றுக்கு மேலும் நிற்காது, கீழும் நிற்காது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் சல்யூட் அடிப்பார். சிரிக்கக் கூடாது என்பதுதான் பையன்களுக்கு நான் கொடுத்த மிகக் கடினமான பயிற்சி.

எனக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது, பதிவேடுகளை அடுக்கிவைத்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"தம்பி, பசங்க வருவானுங்க, போவானுங்க. பேரு மட்டும் போகக் கூடாது. ஒரு தடவை ரெஜிஸ்டர்ல ஏறின பேரை எக்காரணம் கொண்டும் அடிக்காதே. நான் அடிச்சதில்ல. அதனாலதான் இன்னிக்கி சேலத்துக்குப் பெரிய ஆபீசராப் போறேன்."

என்னவோ வேதம் கேட்டவன் மாதிரி தலையாட்டினேன். அவர் சொன்னதில் அனுபவம் இருந்தது. சென்னைத் தலைமை அலுவலகம் எங்களை எடைபோட்டது ஒரே ஒரு கணக்கில்தான்: ஆண்டறிக்கையில் எத்தனை பேர்? போன வருஷத்தை விடக் கூடினால் பாராட்டுக் கடிதம். குறைந்தால் 'விளக்கம் தேவை' என்று சிவப்பு மையில் ஒரு வரி. சேர்ந்த பையனுக்கு நீந்தத் தெரியுமா, கட்டுப் போடத் தெரியுமா, அவன் உயிரோடு இருக்கிறானா என்று ஒருவரும் கேட்டதில்லை. சுருக்கமாகச் சொன்னால், நாங்கள் வாலிபர்களை வளர்க்கவில்லை. பட்டியலை வளர்த்தோம்.

ஒரு முறை சென்னையிலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். யுத்தம் தொடங்கிப் பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து ஓட்டுவார்கள். அப்படி ஒரு கரி பஸ்ஸை வக்கீல் ஏற்பாடு செய்தார். காலையில் பாலக்கோட்டில் முப்பது பையன்கள் மேற்பார்வையாளருக்கு அணிவகுத்துக் காட்டினார்கள். அவருக்கு ஒரு மிராசுதார் வீட்டில் சாப்பாடு. அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் அதே முப்பது பேரைக் கரி பஸ்ஸில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டு போனேன். சாயங்காலம் அங்கே 'வேறொரு படை' அவருக்கு அணிவகுத்துக் காட்டியது. முன் வரிசையில் ஒருவனுக்கு உதட்டில் பெரிய மச்சம். மேற்பார்வையாளர் அவன் முன்னால் நின்றார். மச்சத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வருகைப் புத்தகத்தில், 'எல்லாப் படைகளிலும் ஒரே சீரான ஒழுங்கைக் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கெட்டிக்காரர். ஏமாந்தவர் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு இந்தத் தொழில் இன்னும் பிடிபடவில்லை. பட்டியல் பெரிதாக இருந்தால் அவருக்கும்தானே பெருமை.

இனி ஏழாம் படைக்கு வருகிறேன்.

மாரண்டஹள்ளிப் பக்கத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் குடியானவர்கள். அங்கே துடியான ஒரு வாத்தியார் இருந்தார். அவர் சேர்த்த நாற்பது வாலிபர்கள்தான் எங்கள் ஏழாம் படை. ஒரு வருஷம் உண்மையாகவே நன்றாக நடந்தது. வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. போய்விட்டார். பிறகு ஒருவன் பெங்களூரில் மில் வேலைக்குப் போனான், ஒருவன் கல்யாணம் பண்ணிக்கொண்டான், மற்றவர்களைக் காடுகரை வேலை இழுத்துக்கொண்டது. ஆறு மாதத்தில் மிஞ்சியது ஒரே ஒருவன்.

அவன் பெயர் மாதப்பன். பத்தொன்பது வயசு. எட்டாவது வரை படித்தவன். அப்பாவுக்குக் கொஞ்சம் ராகிக் காடு. பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். நன்னடத்தைக்குச் சங்கம் சர்டிபிகேட் கொடுத்தால் வேலை நிச்சயம் என்று ஸ்டேஷன் மாஸ்டரே சொல்லியிருந்தாராம். குடும்பத்தில் மாதச் சம்பளம் என்பதைக் கண்ணால் கண்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று என்னிடம் ஒரு நாள் சொன்னான். அந்த வேலையைச் சொல்லும்போதெல்லாம் அவன் முகம் மலரும்.

ஒரு சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது மைதானத்தில் கொடி ஏறியிருந்தது. அதற்கு முன்னால் மாதப்பன் தனியாக நின்றுகொண்டு, தனக்குத் தானே விசில் ஊதி, தானே இடப்புறம் திரும்பி, தானே நடந்துகொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், ரெஜிஸ்டர்ல இருக்கற பேரையெல்லாம் அடிச்சுப்புடட்டுங்களா?" என்றான். "நானு ஒருத்தன்தானுங்க வர்றேன். மத்த முப்பத்தொம்போது பேரையும் வெச்சிக்கினு இருக்கறது பொய்யில்லீங்களா?"

"அடிக்காதே. வருவாங்க. நீ விடாம நடத்து."

"வரமாட்டாங்க சார்."

"சொல்றதைச் செய்டா. சர்டிபிகேட் வேணுமா வேணாமா?"

அவன் விசிலை எடுத்து ஊதிக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினான். இப்படி இரண்டு வருஷம். ஆண்டறிக்கையில் 'ஏழாம் படை, நாற்பது பேர், தலைவர் மாதப்பன்' என்று இரண்டு வருஷமும் அச்சாயிற்று. அடிக்கிறேன் என்று வந்தவனைத் தடுத்தது நான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

யுத்த காலத்தில் ஒரு ஆடி மாதம். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கலில் காவிரியில் முழுக்குப் போட ஜனம் திரளும். அந்த வருஷம் மேற்கே நல்ல மழை. ஆறு நிரம்பி வந்துகொண்டிருந்தது. போலீசாரில் பாதிப் பேரை வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள். திருவிழாப் பொறுப்பில் இருந்த அதிகாரி வக்கீலையும் என்னையும் பென்னாகரத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசை மேல் எங்கள் ஆண்டறிக்கை இருந்தது. அதை உண்மையிலேயே படித்த ஒரு மனிதரை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

"பிரமாதம்! இத்தனை பேரைத் தயார் பண்ணி வெச்சிருக்கீங்க, எனக்குத் தெரியவே இல்லையே," என்றார் அதிகாரி. "குளிக்கிற துறை மூணு. தர்மபுரி, பென்னாகரம் படைங்க முதல் ரெண்டு துறையில நிக்கட்டும். மூணாவதுதான் மோசம், பாறை வழுக்கும், இழுப்பும் ஜாஸ்தி. அதுக்குப் பெரிய படையா வேணும். இந்த ஏழாம் படையைப் போட்டிருக்கேன். முடியுமில்ல? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. மூணாவது துறையையே முள்ளு வெட்டிப் போட்டு மூடிடறேன்."

எவ்வளவு நேர்மையான கேள்வி! என் வேலைக் காலத்தில் ஒரு அதிகாரி இவ்வளவு தெளிவாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான். 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வக்கீல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க பசங்க உயிரைக் குடுப்பாங்க சார்," என்றார். யாருடைய உயிரை என்று அவர் சொல்லவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று கேட்பீர்கள். வீட்டில் மனைவி நிறைமாசம். பட்டியல் பொய் என்று வெளியே வந்தால் முதலில் போவது என் வேலை. இன்னும் பத்து நாள் இருக்கிறதே, அதற்குள் எங்கிருந்தாவது நாற்பது பேரைத் திரட்டிவிடலாம் என்றும் கணக்குப் போட்டேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் தொழிலில் ஆபத்தான நினைப்பு இதுதான்: பொய்யை இப்போதைக்கு விட்டுவைத்து, அது வெளியே தெரிவதற்குள் உண்மையாக்கிவிடலாம் என்பது. உங்களுக்கும் இது வரும். வரும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளும் சைக்கிளை மிதித்தேன். ஆடியில் விதைப்பு. எந்த வீட்டிலும் ஆள் விடவில்லை. "ஏர் கட்டற நேரத்துல வெசில் ஊதப் பையன அனுப்பச் சொல்றீங்களே, உங்களுக்கு வேற வேலயே இல்லீங்களா?" என்று ஒரு அம்மாள் நேருக்கு நேர் கேட்டாள். சரியான கேள்வி. முதல் இரண்டு துறைகளுக்கு, அந்தப் படைகளில் மிஞ்சியிருந்தவர்களோடு பள்ளிக்கூட விடுதிப் பையன்களையும் சேர்த்துத் தேற்றினேன். மூன்றாவது துறைக்கு ஒருவரும் சிக்கவில்லை. அப்போதாவது பென்னாகரம் போய் அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். முள் வெட்டிப் போட அரை நாள் போதும். நான் போகவில்லை.

பதினெட்டாம் நாள் விடிந்ததும் மாதப்பன் வந்து சேர்ந்தான். உடுப்பைத் துவைத்து மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். சுற்றும் முற்றும் பார்த்தான்.

"மத்தவங்க எங்கீங்க சார்?"

"வந்துக்கிட்டு இருக்காங்க. நீ போய் மூணாவது துறையில நில்லு."

"தண்ணி இந்தப் போக்குப் போவுது. ஒருத்தன் நின்னு என்னங்க பண்றது?"

"போடா, சொல்றேன்ல!"

போனான். அவனைப் பொறுத்தவரை நான் சொன்னால் அது உத்தரவு. நானே சொல்லிக்கொடுத்த பாடம்தானே.

நண்பகலுக்கு ஒரு பெரிய மனிதரின் சம்சாரம் ஆற்றைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வக்கீலுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் இரண்டு துறைகளில் நின்ற பையன்களை எல்லாம் கூப்பிட்டு, பந்தலுக்கு முன்னால் இரண்டு வரிசையாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். ஆற்றில் அவ்வளவு ஜனம் இருக்க, ஒரு அம்மாள் நாற்பது அடி நடந்து வருவதற்கு நாங்கள் காவல் நின்றோம்.

கார் வந்து நின்ற நேரம். ஆற்றுப் பக்கமிருந்து விசில் கேட்டது. மூன்று நீளம்.

மூன்று நீண்ட விசில் என்றால் ஆபத்து, எல்லாரும் ஓடி வா என்று அர்த்தம். எங்கள் பையன்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான். வரிசையில் நின்ற பையன்கள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் கால் எழுந்தது.

"அசையாதீங்க! அம்மா எறங்கிட்டாங்க. லைன் கலையக் கூடாது," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் வக்கீல்.

மறுபடியும் மூன்று நீளம். அந்த அம்மாள் கும்பிட்டுக்கொண்டே மெதுவாக நடந்து வந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அவருடைய கழுத்தில் மாலை விழும் வரைக்கும் நான் விறைப்பாக நின்றேன். பிறகுதான் ஓடினேன். ஐயோ, அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மூன்றாவது துறையில் நடந்ததை அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். காலையிலிருந்து மாதப்பன் கையை விரித்துக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கத்தி, தன்னால் முடிந்தமட்டும் ஜனத்தை நிறுத்திப் பார்த்திருக்கிறான். கூட்டம் ஏறிவிட்டது. வத்தல்மலையிலிருந்து வந்த ஒரு குடும்பம். புருஷன், பெண்டாட்டி, ஏழெட்டு வயசில் ஒரு பெண். குழந்தைக்குப் பாறையில் கால் வழுக்கியது. அப்பன் பாய்ந்து பிடித்தான். இரண்டு பேரையும் தண்ணீர் இழுத்தது. மாதப்பன் விசில் ஊதினான். யாரும் வரவில்லை. மறுபடி ஊதினான். பிறகு குதித்துவிட்டான். குழந்தையின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டுவிட்டு மறுபடியும் குதித்தான். அப்பன் கைக்கு எட்டவில்லை. நான் போனபோது பரிசல்காரர்கள் இரண்டு பேர் மாதப்பனைத் தூக்கிக் கரை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மலைக்காரரின் உடல் சாயங்காலம் கீழே பாறை இடுக்கில் கிடைத்தது.

அவர் பெண்டாட்டி அழவில்லை. குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு என் காக்கிச் சட்டையைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க மலைக்கே வந்து தமுக்கடிச்சாங்க சாமி. தொறைக்குத் தொற காக்கிச் சட்டக்காரங்க நிப்பாங்க, பயப்படாம வாங்கன்னாங்க. தண்ணி பெருசா வருதே, வேணாம்னுதான் அந்த மனுசன் சொன்னாரு. நாந்தான், இத்தன பேரு காவலுக்கு நிக்கறாங்களேன்னு கூட்டியாந்தேன். இந்த ஒரு புள்ளதான் நின்னுது. நீங்கள்லாம் எங்க போனீங்க?"



மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. நாற்பது பேர் காவல் நின்ற துறையில் ஒரு சாவு எப்படி? விளக்கம் தேவை. விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். வக்கீல் வீட்டு முன்னறையில், பட்டப் பகலில். மிட்டாதார், வக்கீல், சென்னையிலிருந்து வந்த அந்த மேற்பார்வையாளர், மூன்று பேரும் நாற்காலியில். நான் பதிவேட்டோடு ஓரத்தில். மாதப்பன் நின்றுகொண்டிருந்தான். குழந்தையைக் காப்பாற்றியதற்கு ஏதோ பாராட்டுவார்கள் என்று அவன் அப்பா நினைத்தாராம். புதுத் துண்டு ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார். அது அவன் தோளில் இருந்தது.

"நீதானே ஏழாம் படைத் தலைவன்?" என்றார் வக்கீல்.

"ஆமாங்க."

"உன்கிட்ட நாப்பது பேர். அன்னிக்கி அவங்க எங்கே போனாங்க?"

"நாப்பது பேரு கெடையாதுங்க. நானு ஒருத்தன்தானுங்க. ரெண்டு வருசமாவே நானு ஒருத்தன்தான்."

"பொய் சொல்லாதே. ரிப்போர்ட்ல அச்சாகியிருக்கு."

அச்சாகியிருந்தால் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பது அந்த அறையில் சட்டம். மேற்பார்வையாளர் கேட்டார்: "தலைவன் இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு விதி இருக்கே. நீ ஏன் தண்ணியில எறங்கினே? நீ எறங்கினதாலதானே உன் ஆளுங்க கலைஞ்சு போனாங்க?"

மாதப்பன் அவரையே பார்த்தான். "கொழந்த போச்சுங்களே, வேற என்னங்க பண்றது?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "சாரைக் கேளுங்க. சாருக்குத் தெரியும். பேரையெல்லாம் அடிச்சுப்புடறேன்னு நானு கேட்டேன். சாருதான் வேணாம்னாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மிட்டாதார் பார்த்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது, எப்போதுமே தெரியாது. வக்கீலுக்குத் தெரியும். மேற்பார்வையாளருக்கு நன்றாகத் தெரியும். உதட்டு மச்சத்தை அவர் மறந்திருக்க மாட்டார். என்னையும் சேர்த்து உண்மை தெரிந்த மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, உண்மையைச் சொன்ன ஒருவனை நிறுத்திவைத்து விசாரித்துக்கொண்டிருந்தோம். மாதப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சர்டிபிகேட்டும் வேலையும் அவன் பெயரும் நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தன. என் வேலையும் அதிலேயேதான் இருந்தது. எனக்குக் குழந்தை பிறந்து அன்றைக்கு நான்காம் நாள்.

"ரெஜிஸ்டர்ல நாப்பது பேர் இருக்காங்க," என்றேன்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தார்கள், ரெஜிஸ்டரில். இப்படிப்பட்ட வாக்கியங்களைப் பேசக் கற்றுக்கொண்டவர்கள்தான் நம் தொழிலில் மேலே வருகிறார்கள். நானும் வந்தேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் பயிற்சி நிலையத்துக்கு முதல் தலைவன் நான்தான். சுவரில் படம் மாட்டியிருப்பார்கள்.

கடமை தவறியதற்காகவும், படையைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காகவும் மாதப்பனைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். சர்டிபிகேட் கிடையாது. பொம்மிடியிலிருந்து கேட்டெழுதினால் இதையே எழுதும்படி வக்கீல் எனக்கு உத்தரவு போட்டார். பிறகு காப்பி வந்தது. மிட்டாதார், "பையன் பார்க்க நல்லவனாத்தான் தெரியறான்," என்று சொல்லிக்கொண்டே குடித்தார்.

உடைமைகளைத் திரும்ப வாங்க வேண்டியது என் வேலை. வாசலில் வேப்ப மரத்தடியில் மாதப்பன் கழுத்து ஸ்கார்ஃபை அவிழ்த்து நான்காக மடித்தான். பெல்ட்டைச் சுருட்டினான். விசிலைக் கயிற்றோடு எடுத்து அதன்மேல் வைத்தான். ஏதாவது திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"மாதப்பா, எனக்கு வேற வழி..."

"ரசீது குடுங்க சார்," என்றான்.

"இதுக்கு எதுக்கு ரசீது?"

"குடுக்காமப் போனா நாளைக்கு இதையும் திருடிட்டான்னு எழுதுவீங்க."

பதிவேட்டின் கடைசித் தாளைக் கிழித்து முழங்காலில் வைத்து எழுதினேன். ஸ்கார்ஃப் ஒன்று, பெல்ட் ஒன்று, விசில் ஒன்று. அவன் வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். திருப்பி நீட்டினான்.

"ஏழாம் படையில இருந்தது மொத்தமே இவ்வளவுதான்னு எழுதுங்க. ஒரு ஆளுக்கு உண்டானதுன்னு எழுதுங்க."

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அதை மடித்துப் புதுத் துண்டின் முனையில் முடிந்துகொண்டு, எனக்கு ஒரு கும்பிடு கூடப் போடாமல் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தான். அவனுக்கு ரயில்வே வேலை கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு மேல் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தாலும் பாலக்கோட்டோடு சைக்கிளைத் திருப்பிவிடுவேன்.

அடுத்த வருஷ ஆண்டறிக்கைக்குப் பட்டியல் அனுப்பும் நேரம் வந்தது. ஏழாம் படைக்கு எதிரில் எத்தனை பேர் என்று போடுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இருந்த ஒருவனையும் நீக்கியாயிற்று. 'நாற்பது' என்று எழுதி அனுப்பினேன்.